ஹாலிவுட் ஹில்ஸ் முதியோர் இல்லம், 2017: மூன்று நாள் வெப்பமும் எடுக்கப்படாத முடிவும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமிக்கு வடக்கே, புரோவர்டு மாவட்டத்தில் ஹாலிவுட் என்றொரு நகரம் இருக்கிறது. திரைப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கலிபோர்னிய ஹாலிவுட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. இந்நகரில் 152 படுக்கைகளுடன் இயங்கிவந்த ‘ரீஹாபிலிடேஷன் சென்டர் அட் ஹாலிவுட் ஹில்ஸ்’ என்ற தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் 2017 செப்டம்பர் 13, புதன்கிழமை ஒரே நாளில் இறந்தனர். அடுத்த வாரங்களில் மேலும் சிலர் இறந்தனர். அந்த மரணங்களை ஆராய்ந்த மாவட்ட மருத்துவப் பரிசோதகர் அலுவலகம், அவற்றுள் 12 மரணங்களை அதே ஆண்டு நவம்பரில் ‘பிறரால் நேர்ந்தவை’ என்று வகைப்படுத்தியது. கொலை நோக்கம் இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. இயற்கையாகவோ தற்செயலாகவோ நிகழாமல், மற்றவர்கள் செய்ததாலோ செய்யத் தவறியதாலோ நேர்ந்த சாவு என்பதே அந்த வகைப்பாடு. இறந்தவர்களில் இளையவருக்கு வயது 57, மூத்தவருக்கு 99.

முதியோர் இல்லங்களில் நிகழ்ந்த பேரிடர் மரணங்கள் பல இருக்க, இந்நிகழ்வைத் தனியே எடுத்து ஆராய வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே கட்டடத்துக்குள் வெள்ளம் புகவில்லை, கூரை பறக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன, தொலைபேசி வேலை செய்தது. செவிலியர்கள் பணியில் இருந்தனர். இல்லத்தின் வாசலிலிருந்து சாலையைக் கடந்தால் மெமோரியல் ரீஜனல் என்ற பெரிய மருத்துவமனை, குளிரூட்டி முழுமையாக இயங்கும் நிலையில் இருந்தது. இத்தனையும் இருந்தும் அந்த முதியோர் வெப்பத்தால் இறந்தனர். இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: எந்த நிலையில் காத்திருப்பதை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றுவது, அதை யார் சொல்வது என்ற முன்முடிவு. இந்த ஆய்வு அந்த ஒரு குறையைச் சுற்றியே நகர்கிறது.

ஞாயிறு பிற்பகல் முதல் புதன் காலை வரை

இர்மா புயல் 2017 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் ஒன்றான கட்ஜோ கீயில் நான்காம் வகைப் புயலாகக் கரையேறியது. புரோவர்டு மாவட்டம் புயலின் நேர்ப்பாதையில் இல்லையென்றாலும் காற்றின் வேகம் அங்கும் மின்கம்பிகளைச் சாய்த்தது. அன்று பிற்பகல் மூன்று மணியளவில், இல்லத்தின் மைய ஏ.சி. இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் இருந்த ஃபியூஸ் ஒன்று இடம்பெயர்ந்தது. கட்டடத்தின் மற்ற இணைப்புகளுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது, ஏ.சி. மட்டும் நின்றது. அவசர கால ஜெனரேட்டர் என்பது பொதுவாக விளக்கு, அலாரம், உயிர்காக்கும் கருவிகள் ஆகியவற்றுக்கானது, அந்நாளில் ஏ.சி.யையும் அதில் இணைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஃபுளோரிடாவில் இல்லை.

இல்ல நிர்வாகம் சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஃபுளோரிடா பவர் அண்ட் லைட் என்ற மின் நிறுவனத்துக்கு மீண்டும் மீண்டும் புகார் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் இணைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம், அதாவது 44 லட்சம் இணைப்புகள், அந்தப் புயலில் துண்டிக்கப்பட்டிருந்தன. அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்காட், அவசர உதவிக்கெனத் தமது கைபேசி எண்ணை இல்ல நிர்வாகிகளிடம் முன்கூட்டியே கொடுத்திருந்தார். அந்த எண்ணுக்கும் அழைப்புகள் சென்றன. உயிருக்கு ஆபத்து என்றால் 911-ஐ அழைக்குமாறு தாங்கள் அறிவுறுத்தியதாகவும், நிலைமை அவ்வளவு மோசம் என்று தங்களிடம் சொல்லப்படவில்லை என்றும் அரசுத் தரப்பு பின்னர் கூறியது. இல்லத் தரப்போ, கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டோம், வருகிறோம் என்றவர்கள் வரவில்லை என்றது. இரு தரப்புப் பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு என்றே எண்ணுகிறேன். ஆனால் அழைப்புகள் அனைத்தும் ‘ஏ.சி.யைச் சரிசெய்து கொடுங்கள்’ என்ற கோரிக்கையைச் சுற்றியே இருந்தன. ‘இவர்களை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும்’ என்ற கோரிக்கை மூன்று நாளும் எழவில்லை.

இதற்கிடையில், நகர்த்தி வைக்கக்கூடிய சிறு குளிர்விப்பான்களும் மின்விசிறிகளும் நடைபாதைகளில் வைக்கப்பட்டன. இத்தகைய குளிர்விப்பான் ஓர் இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டும் கருவி. அதன் பின்புறக் குழாய் வழியே வரும் சூடான காற்றைக் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும். இங்கே அக்காற்று கூரைத் தட்டிகளுக்கு மேலுள்ள இடைவெளிக்குள் விடப்பட்டது என்பது விசாரணையில் பேசப்பட்ட முக்கியக் குறைகளில் ஒன்று. இரண்டு அடுக்குகள் கொண்ட அந்தக் கட்டடத்தில், கீழே நின்று பார்ப்பவருக்குக் குளிர் தெரிந்திருக்கும்; கீழிருந்து துரத்தப்பட்ட வெப்பம் மேல்தளத்துக்கு ஏறியிருக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல்தளத்தில் இருந்தவர்கள்.

செவ்வாய் இரவு நிர்வாகி வீட்டுக்குச் சென்றார். இரவுப் பணிக் குழு பொறுப்பேற்றது. புதன் அதிகாலை மூன்று மணியளவில், மாரடைப்பு என்று 911-க்கு அழைப்பு வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. வந்த தீயணைப்பு மீட்புக் குழுவினர் நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்தபோது, ஒருவருக்கு 107 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது, அதாவது 41 செல்சியஸுக்கு மேல். மருத்துவமனையில் அளக்கப்பட்ட வேறொருவரின் வெப்பநிலை 109.9 ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸைத் தாண்டியது. ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்து இத்தகைய நோயாளிகள் வருவதைக் கண்டு ஐயுற்ற மருத்துவமனைச் செவிலியர்கள் தாங்களாகவே சாலையைக் கடந்து இல்லத்துக்குள் நுழைந்தார்கள். மருத்துவமனைப் பணியாளர்கள் திரண்டு வந்து, அறை அறையாகச் சென்று, மீதமிருந்த சுமார் 140 முதியோரையும் அன்று காலையே வெளியேற்றினார்கள்.

அறுபது மணி நேரத்துக்கு மேல் நடக்காதது, வெளியாள் உள்ளே வந்து பார்த்ததும் ஒரு காலைப் பொழுதில் நடந்து முடிந்தது. ஃபியூஸும் அன்றே பொருத்தப்பட்டது.

முதிய உடலும் வெப்பமும்

இல்லப் பணியாளர்களும் அதே வெப்பத்தில்தானே இருந்தார்கள், அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குள்ளேயே ஆபத்தின் தன்மை அடங்கியிருக்கிறது. வியர்த்துக் கொட்டினாலும் எழுந்து நடக்கவும், தண்ணீர் குடிக்கவும், வாசலில் போய் நிற்கவும், எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகவும் பணியாளரால் முடியும். படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பு குறைகிறது. தாகம் என்ற உணர்வே மங்குகிறது. தோலுக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்பி வெப்பத்தை வெளியேற்ற இதயத்துக்கு வலு போதுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் உடல் நீரைக் குறைக்கின்றன. மனநோய்க்கும் நடத்தைக் கோளாறுக்கும் தரப்படும் சில மருந்துகள் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டையே குலைக்கின்றன. மறதிநோய் முற்றியவருக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அவர் அமைதியாகத் தூங்குவது போலத் தோன்றுவார், அது மயக்கமாக இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெப்பத்தின் தாக்கம் நாளுக்கு நாள் கூடிச் சேர்வது. இரவில் உடல் குளிர்ந்து மீள வாய்ப்பிருந்தால் அடுத்த நாள் வெப்பத்தைத் தாங்கலாம். கான்கிரீட் கட்டடம் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடாமல் வைத்திருக்க, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று இரவுகளும் அந்த மீட்சி கிடைக்கவில்லை. மின்விசிறி இதற்கு மாற்றாகாது. அறைக் காற்று தோலின் வெப்பநிலையை நெருங்கிவிட்டால், அது சூடான காற்றையே உடல்மீது வீசும். ஆகவே திங்களன்று சமாளித்தார்கள் என்பதை வைத்து புதனன்றும் சமாளிப்பார்கள் என்று கணக்கிட்டதே பிழையானது.

அமெரிக்கக் கூட்டரசு விதிகளின்படி, 1990 அக்டோபருக்குப் பின் முதன்முறையாகச் சான்று பெற்ற முதியோர் பராமரிப்பு இல்லங்கள் உள்வெப்பத்தை 71 முதல் 81 ஃபாரன்ஹீட் வரை, ஏறத்தாழ 22 முதல் 27 செல்சியஸ் வரை, வைத்திருக்க வேண்டும். எண் தெளிவானதே. ஆனால் அந்த எண்ணுக்கு உயிர் கொடுக்க, ஒவ்வொரு தளத்திலும் ஒரு வெப்பமானியும், அதை மணிக்கொரு முறை பார்த்து எழுதும் ஓர் ஆளும், 81-ஐத் தாண்டி இத்தனை மணி நேரம் நீடித்தால் அடுத்து என்ன என்ற ஒரு வரியும் தேவை. இம்மூன்றின் விலையும் ஒரு ஜெனரேட்டரின் விலையில் மிகச் சிறு பங்கே. அந்த மூன்று நாள்களில் அவை முறையாக நடந்திருந்தால், செவ்வாய்ப் பகலிலேயே யாரேனும் ஒருவர் காகிதத்தைக் காட்டிப் பேசியிருக்க முடியும். நடக்காததால், ‘உள்ளே புழுக்கமாக இருக்கிறது’ என்ற பேச்சு மட்டுமே எஞ்சியது.

வெளியேற்றுவதில் உள்ள நியாயமான அச்சம்

முதியோரை இடம்பெயர்க்கத் தயங்கியதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2005-இல் கத்ரீனா புயலின்போது லூசியானாவின் செயின்ட் ரீட்டாஸ் இல்லத்தார் வெளியேற்றாமல் இருந்தனர். வெள்ளத்தில் 35 முதியோர் மூழ்கி இறந்தனர். அடுத்த மாதம் ரீட்டா புயலுக்கு அஞ்சி டெக்சாஸில் ஓர் இல்லத்தார் முன்கூட்டியே வெளியேற்றினர். முதியோரை ஏற்றிச் சென்ற பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து, உள்ளிருந்த ஆக்சிஜன் உருளைகளால் தீ பெருகி, 23 பேர் மாண்டனர். கத்ரீனா, ரீட்டா, குஸ்தாவ், ஐக் ஆகிய நான்கு புயல்களின்போது முற்றிய மறதிநோய் கொண்ட இல்லவாசிகளுக்கு என்ன ஆயிற்று என்று ஆராய்ந்தவர்கள், வெளியேற்றப்பட்டவர்களிடையே 30 நாள் இறப்பு 2.8 சதவீதமும் 90 நாள் இறப்பு 3.9 சதவீதமும் கூடியிருந்ததைக் கண்டார்கள். பழகிய படுக்கை, பழகிய முகம், நேரத்துக்கு மருந்து, தன் குறிப்பேடு ஆகியவற்றிலிருந்து பிரிக்கப்படுவதே அந்த வயதில் ஒரு நோய். எனவே ‘முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே பாதுகாத்தல்’ என்ற கொள்கை ஃபுளோரிடா இல்லங்களிடையே வேரூன்றியிருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கொள்கை ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது: இருக்கும் இடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். இருப்பதா போவதா என்ற கேள்வி புயலுக்கு முன் ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டு முடிந்துவிடுவதில்லை. கட்டடத்தின் நிலை மாறும்போதெல்லாம் மீண்டும் கேட்கப்பட வேண்டியது. ஞாயிறு மூன்று மணிக்கு முன் அந்த இல்லத்தில் தங்குவது சரியான முடிவு. ஏ.சி. நின்ற பின் அதே முடிவு, யாரும் புதிதாக எடுக்காமலேயே, பழைய பழக்கத்தில் தொடர்ந்தது. மேலும், ஆய்வுகள் எச்சரிக்கும் இடப்பெயர்வு பலமணி நேரப் பேருந்துப் பயணமும் அறியாத ஊரும் கொண்டது. இங்கே தேவைப்பட்டது ஒரு சாலையைக் கடப்பது. 140 பேரையும் கூட அல்ல. மேல்தளத்தில் மிக நலிந்த இருபது பேரைத் திங்களன்று அனுப்பியிருந்தாலே இந்த ஆய்வுக்குத் தேவை எழுந்திராது என்பது என் கணிப்பு. ‘எல்லோரும் அல்லது ஒருவருமில்லை’ என்று வெளியேற்றத்தைப் பார்க்கும் மனப்போக்கு, பகுதி வெளியேற்றம் என்ற இடைவழியை மறைத்துவிடுகிறது.

பதிவேடு சொன்னதும் நடந்ததும்

மாநிலத்தின் சுகாதார நிர்வாக முகமை இல்லத்தின் உரிமத்தை முடக்கியபோது முன்வைத்த குற்றச்சாட்டுகளில் மிகவும் கலங்க வைப்பது மருத்துவக் குறிப்பேடுகளைப் பற்றியது. முதியோர் சிலர் சாலைக்கு எதிர்ப்புறம் அவசர சிகிச்சைப் பிரிவில் 108 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெப்பத்துடன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வேளையைக் குறித்து, அவர்கள் பாதுகாப்பான உடல் வெப்பத்துடன் இருந்ததாக இல்லத்தின் குறிப்பேட்டில் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது என்று முகமை கூறியது.

பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. குறைந்த ஆட்களுடன் இரவைக் கடக்கும் இடங்களில், பார்த்த பின் எழுதுவது என்ற ஒழுங்கு, நேரம் கிடைக்கும்போது வழக்கமான சொற்களை எழுதி முடிப்பது என்று மெல்ல மாறிவிடுகிறது. சாதாரண இரவுகளில் இதனால் ஒன்றும் நேர்வதில்லை என்பதாலேயே அது நிலைத்துவிடுகிறது. ஆனால் எச்சரிக்கை மணியாக அடிக்க வேண்டிய பதிவேடு, எல்லாம் நலம் என்று தானே சொல்லிக்கொண்டிருந்தால், மேற்பார்வையாளருக்கும் மருத்துவருக்கும் நிலைமை தெரிய வேறு வழியில்லை. தரத்தைத் தணிக்கை செய்பவர்கள் குறிப்பேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பதைவிட, எழுதப்பட்ட நேரத்தையும் கருவியின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பொறுப்பு எங்கே நின்றது

மின் நிறுவனம் முதலில் சீரமைக்க வேண்டிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து முன்கூட்டியே வகுத்திருந்தது. எதிரே இருந்த மருத்துவமனை முதன்மை வரிசையில் இருந்தது. இந்த இல்லம் அதில் இல்லை. மருத்துவமனையில் இருப்பவர்களைவிட இல்லத்தில் இருப்பவர்கள் நலமானவர்கள் என்ற ஊகம் அந்த வரிசைக்குள் புதைந்திருக்கிறது. உண்மையில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப முடியாதவர்கள்தான் பெரும்பாலும் இத்தகைய இல்லங்களுக்கு வருகிறார்கள்.

நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் நடந்த நீண்ட விசாரணைக்குப் பின் 2019 ஜனவரியில் உரிமம் இறுதியாக ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகியும் செவிலியர் மூவரும் கைது செய்யப்பட்டனர். செவிலியர்கள் மீதான குற்றச்சாட்டுகள் 2022-இல் கைவிடப்பட்டன. நிர்வாகி மீதான வழக்கு 2023 பிப்ரவரியில் நடுவர் குழுவின் தீர்ப்புக்குப் போகுமுன்பே முடிந்தது. அரசுத் தரப்புச் சாட்சியம் போதாது என்று நீதிபதி அவரை விடுவித்தார். இறந்தோரின் குடும்பங்களுக்கு இது ஆறாத மனக்குறை. ஆயினும் சட்டப்படி இதில் பெரிய வியப்பில்லை: குளிர்விப்பான் வாங்கியவர், மின் நிறுவனத்தை அழைத்தவர், ஆளுநர் எண்ணுக்கே அழைத்தவர் ஆகியோரிடம் உயிரைப் பொருட்படுத்தாத அலட்சியம் இருந்தது என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவுவது கடினம். செயின்ட் ரீட்டாஸ் உரிமையாளர்களும் 2007-இல் விடுவிக்கப்பட்டார்கள். பலருக்கிடையே பகிர்ந்து கிடந்து, எவர் கையிலும் முழுதாக இல்லாத ஒரு பொறுப்பைக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவர் தலையில் வைக்க முடிவதில்லை. ஆகவே தண்டனை வழியாகப் பாதுகாப்பு வரும் என்று நம்பி இருப்பதற்கில்லை.

பின் வந்த விதிகள்

மரணங்கள் நிகழ்ந்த சில நாள்களிலேயே, இல்லங்கள் அனைத்தும் 60 நாள்களுக்குள் ஜெனரேட்டரும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும் என்று ஆளுநர் அவசர விதி கொண்டுவந்தார். இல்ல நடத்துநர்களின் சங்கங்கள் எதிர்த்தன. நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் அவ்விதியைச் செல்லாது என்றார். அந்தக் கெடுவுக்குள் அத்தனை இயந்திரங்களை வாங்கி, கட்டட அனுமதி பெற்று நிறுவுவது நடக்காத காரியம் என்ற எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 2018-இல் சட்டமன்றம் திருத்திய விதிகளை ஏற்றது. அதன்படி, மின்சாரம் போன பின் 96 மணி நேரத்துக்கு உள்வெப்பம் 81 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் காக்க இல்லங்களுக்கு மாற்று மின்வசதி வேண்டும். கட்டடம் முழுவதையும் அல்லாமல், முதியோரைச் சேர்த்து வைக்கக்கூடிய ஒரு பகுதியைக் குளிர்வித்தாலும் போதும் என்ற ஏற்பாடு நடைமுறை அறிவுள்ளது.

சேதம் ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இர்மாவைச் சந்தித்த ஃபுளோரிடா இல்லவாசிகளைப் புயல் வராத 2015-ஆம் ஆண்டு இல்லவாசிகளோடு ஒப்பிட்டு, 30 நாள்களில் 262 மரணங்களும் 90 நாள்களில் 433 மரணங்களும் கூடுதலாக நேர்ந்ததாகக் கணக்கிட்டது. அந்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் செய்தித்தாளில் இடம்பெறவில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இதயச் செயலிழப்பு என்று ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு காரணம் எழுதப்பட்டிருக்கும்.

வெளியேற்றம் மட்டுமே விடை என்று எண்ணுவோருக்கு 2021-இல் லூசியானாவில் ஐடா புயலின்போது நடந்தது நினைவூட்டத்தக்கது. ஒரே உரிமையாளரின் ஏழு இல்லங்களிலிருந்து 800-க்கும் மேற்பட்ட முதியோர் ஒரு கிடங்குக்கு மாற்றப்பட்டு, தரையில் விரித்த மெத்தைகளில், போதிய கழிப்பறையும் கவனிப்புமின்றிக் கிடந்தனர், சிலர் இறந்தனர், ஏழு உரிமங்களும் ரத்தாயின. அங்கே புறப்பட முடிவெடுத்தவர் இருந்தார், போய்ச்சேரும் இடத்தை யாரும் தகுதி பார்க்கவில்லை.

ஃபுளோரிடா விதிகள் முதன்மையாக இயந்திரத்தைப் பற்றியவை. இயந்திரம் நிற்கும் நாளும் வரும். எரிபொருள் தீரலாம், இணைப்பு எரியலாம். அந்நிலைக்கு ஓர் இல்லம் தன் திட்டத்தில் எழுதி வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. எந்தத் தளத்தில் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் நீடித்தால் முதலில் யார் யாரை நகர்த்துவது. நகர்த்தும் இடத்துடன் முன்பே எழுத்தில் செய்துகொண்ட உடன்பாடு. நிர்வாகி உறங்கப் போன பின், இரவுப் பணியில் மூத்த செவிலியர் எவரையும் கேட்காமல் ஆம்புலன்ஸை அழைக்கலாம், அதனால் அவர் வேலைக்கு ஊறு வராது என்ற உறுதி. கடைசியாகச் சொன்னது பல இல்லங்களின் கோப்புகளில் காணக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஆம்புலன்ஸ் அழைப்பும் இல்லத்தின் தரப்புள்ளியைக் குறைக்கும் என்று கருதப்படும் இடங்களில், அதை எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் உரிமையாளரே.